பகலில் தூங்கும் அப்பா

2012 கோடையில் சென்னையில் தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் கட். பிப்ரவரிக் கடைசி வரை ஒரு மணி நேரமாக இருந்ததை அப்புறம் இரண்டாக்கிவிட்டார்கள். அதற்கு முந்தைய அக்டோபரில்தான் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்திருந்தது. மாநகராட்சிக்காரன் ஆனதற்கு என்ன பலன் என்று டீக்கடையில் பேச்சு வரும்போதெல்லாம், "ரெண்டு மணி நேர கட்டு" என்று யாராவது சொல்லி முடித்து வைப்பார்கள். வெளி மாவட்டங்களில் எட்டு மணி நேரத்துக்கும் மேலே கட் இருந்ததால் அவர்களுக்கு நாங்கள் புலம்புவதே வேடிக்கை. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து லீவுக்கு வந்திருந்த என் மச்சான் மகன் முகத்துக்கு நேராகவே சிரித்தான். "ரெண்டு மணி நேரம்தானா மாமா? இதுக்கா இவ்ளோ பேசுறீங்க?"

அவன் வந்ததோடு வீட்டில் பிள்ளைகள் மூன்று. என் மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஏழு, இவனுக்குப் பதினொன்று. பெரியவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் பகல் முழுக்க வெளியே, இன்னொருவர் பகல் முழுக்கத் தூக்கத்தில்.

எஸ்டேட்டில் ஒரு சின்ன யூனிட்டில் எனக்கு டர்னர் வேலை. பாடியில் உள்ள பெரிய கம்பெனிகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுப்போம். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் தொடங்கியது. தெற்காசியாவிலேயே பெரிய சிறுதொழில் பேட்டைகளில் ஒன்று என்று பெருமையாகச் சொல்வோம். அந்த வருஷம் அந்தப் பெருமைக்கும் பவர் ஹாலிடே வந்தது. பகலில் எப்போது மிஷின் நிற்கும் என்று தெரியாமல் ஜாப்பை மாட்டுவது ஆகாத வேலை. பாதிக் கட்டிங்கில் கரண்ட் போனால் டூல் மொக்கையாகும், பீஸும் போகும். முதலாளி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஆளை எல்லாம் நைட் ஷிப்டுக்கு மாற்றினார். என் மனைவி அதே எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன். நான் காலை ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழைவேன், அவள் எட்டு மணிக்கு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். எட்டிலிருந்து ஆறு வரை வீடு என் பொறுப்பு. அதாவது, தூங்குகிற ஆளின் பொறுப்பு.

லீவில் பிள்ளைகளை வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது என்று யோசிக்கிறவர்கள் சாதாரணமாக அவர்களுக்குப் பொழுது போக வேண்டும் என்று யோசிப்பார்கள். எனக்கு அதோடு ஒரு நிபந்தனையும் இருந்தது. சத்தம் வரக்கூடாது. இந்த ஒரு நிபந்தனை எத்தனை விளையாட்டைக் கழித்துவிடும் என்பது நைட் ஷிப்ட் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கேரம் போர்டு போனது. ஸ்ட்ரைக்கர் பலகையில் மோதுகிற சத்தம் மண்டைக்குள் கேட்கும். பல்லாங்குழியும் தாயமும் பரவாயில்லை என்று நினைத்தால், தாயம் விழுந்ததும் கூச்சல், விழவில்லை என்றால் அதைவிடப் பெரிய கூச்சல். ட்ரம்ப் கார்டு, மல்யுத்த வீரர்கள் படம் போட்டது, முதல் அரை மணி அமைதியாகப் போகும். பிறகு கார்டில் இருக்கிற வீரர்கள் மூன்று பேருக்குள்ளும் இறங்கிவிடுவார்கள். சுட்டி டிவி இருக்கவே இருக்கிறது, ஆனால் எங்கள் ஏரியாவுக்குக் கரண்ட் போகிற நேரம் உச்சி வெயில். ஃபேனும் நிற்கும், டிவியும் நிற்கும். நான் எழுந்துவிடுவேன்.

மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் மூன்றையும் விலையில்லாமல் கொடுக்கிற திட்டம் 2011 செப்டம்பரில் அப்போது நாங்கள் இருந்த திருவள்ளூர் மாவட்டத்தில் காக்களூரில்தான் தொடங்கியது. எங்கள் சொந்தக்காரர் ஒருவருக்கு ஃபேன் கைக்கு வந்துவிட்டது. பிரிக்காத அட்டைப் பெட்டியை டீப்பாயாக வைத்திருந்தார். கேட்டதற்கு, "கரண்ட் வரட்டும், பிரிப்போம்" என்றார்.

சம்மர் கேம்ப் பற்றியும் யோசிக்காமல் இல்லை. ஏப்ரல் வந்தால் காலைப் பேப்பருக்குள்ளிருந்து நோட்டீஸாகக் கொட்டும். அபாகஸ், ஹிந்தி, கையெழுத்துப் பயிற்சி, கீபோர்டு, ஸ்கேட்டிங். ஒன்றில் மகனைச் சேர்த்தோம். தினமும் கலர் பேப்பர் வெட்டி ஒட்டிய ஏதோ ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். பெரும்பாலும் அங்கிருந்த மிஸ் ஒட்டியது. பசை காய்வதற்குள் வண்ணத்துப்பூச்சிக்கு இறக்கை கழன்றுவிடும். பணம் கட்டியாயிற்றே என்று கொஞ்ச நாள் அனுப்பினோம். ஒரு நாள் அவனே, "ப்பா, அங்க ஒண்ணும் வேலையே இல்லப்பா" என்றான். அந்த 'வேலை' என்ற சொல்லை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

எங்களுக்கு லீவு என்றால் யாரும் எதிலும் சேர்த்துவிட்டதில்லை. எண்பதுகளில் பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் லைன் வீடு. என் அப்பாவும் எஸ்டேட்தான். அந்தப் பக்கத்துப் பையன்களுக்கு விளையாட்டுச் சாமான் எல்லாமே கம்பெனிக் கழிவு. டன்லப் டயர் கம்பெனி ஓடிக்கொண்டிருந்த காலம். தெருவில் டயரைக் குச்சியால் தட்டிக்கொண்டு ஓடாத பையன் கிடையாது. டி.ஐ. சைக்கிள் கம்பெனி 1949-இலேயே அம்பத்தூருக்கு வந்துவிட்டது. ஊரே சைக்கிள் செய்கிற ஊர், ஆனால் நாங்கள் மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்துத்தான் ஓட்டினோம். கோலி ஆட்டத்துக்கு உடைந்த பால் பேரிங்கிலிருந்து எடுத்த இரும்புக் குண்டைக் கொண்டுவந்தால் ஆட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். ஒரே அடியில் கண்ணாடி கோலி சில்லாகிவிடும். இது தெரிந்தும் எல்லோர் டிரவுசர் பையிலும் ஒரு இரும்புக் குண்டு இருக்கும்.

மத்தியானத்துக்கு லெண்டிங் லைப்ரரி. 1984 ஜூலையில் ராணி காமிக்ஸ் வர ஆரம்பித்தது. அதே காலத்தில்தான் வாண்டுமாமா ஆசிரியராக இருந்து பூந்தளிர் வந்தது. அதில் காக்கை காளி என்று ஒரு காகம், காட்டில் யாருக்கு ஆபத்து என்றாலும் காப்பாற்றும். காகத்தை நல்லவனாகக் காட்டிய கதையை நான் படித்தது அதில்தான். வத்தல் காயப்போடுகிற வீட்டில் வளர்ந்தவனுக்கு அதை நம்பக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

இதைச் சொன்னது ஒரு காரணத்துக்காக. வெங்கடாபுரத்தில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் மூன்று போர்ஷன். முன்போர்ஷனில் ஹவுஸ் ஓனர் ஆயா. ஏப்ரல் பாதியில் ஆயா கூழ் வத்தல் போட ஆரம்பித்தார். சொந்தத்துக்கு மட்டும் இல்லை, தெருவில் கேட்கிறவர்களுக்கும் கிலோக் கணக்கில் போட்டுக் கொடுப்பார். முதல் நாள் ராத்திரியே அரிசியை ஊறவைத்து அரைத்து, விடிவதற்கு முன் பெரிய அலுமினியக் குண்டானில் உப்பு, பச்சைமிளகாய் விழுது, சீரகம் போட்டுக் கிண்டிக் கூழாக்கி, சூடு ஆறுவதற்குள் மொட்டைமாடிக்கு ஏற்ற வேண்டும். பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்து, முறுக்கு அச்சில் பிழிந்துகொண்டே போவார். நான் ஷிப்ட் முடிந்து வரும்போது மாடியில் அந்த வேலை பாதி முடிந்திருக்கும். முழங்கால் வலி ஆயாவுக்கு. பிழிந்துவிட்டுக் கீழே இறங்கினால் மறுபடி மாடி ஏறுவது சாயந்திரம்தான். நடுவில் காக்கைக்கு ராஜ்ஜியம்.

"உன் பசங்கள அனுப்பு நைனா, காக்கா ஓட்டட்டும்" என்றார் ஆயா. அக்னி நட்சத்திரம் தொடங்கவில்லை, ஆனாலும் அம்பத்தூர் வெயிலுக்குப் பஞ்சாங்கம் பார்க்கிற பழக்கம் கிடையாது. 2003 மே கடைசியில் சென்னையில் 45 டிகிரி அடித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாடியில் நிற்க வேண்டாம், படிக்கட்டு முடிகிற இடத்தில் உள்ள ரூம் நிழலில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும், கையில் தண்ணீர் பாட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். மனதுக்குள் ஒரு கணக்கும் இருந்தது. மாடியில் இருந்தால் என் தலைக்கு மேலே சத்தம் வராது, எங்கள் போர்ஷன் பின்பக்கம்.

அன்று நான் பதினொரு மணி வரைக்கும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். எழுந்தது சத்தத்தால் இல்லை, சத்தம் இல்லாததால். போய்ப் பார்த்தால் மூன்று பேரும் ஷிப்ட் போட்டிருந்தார்கள். ஒருவன் கம்போடு காவல், ஒருவன் ரிலீவர், மகள் நோட்டில் எழுதுகிறாள். என்ன எழுதுகிறாய் என்றால், எந்தக் காக்கா எத்தனை தடவை வந்தது என்று. காக்காவில் அடையாளம் தெரியுமா என்றேன். "ஒண்ணு நொண்டிக் காக்காப்பா, ஒண்ணு தைரியக் காக்கா, மத்ததெல்லாம் சும்மா." கறுப்புக் குடையை விரித்து வைத்தால் வராது என்று ஆயா சொன்னதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். முதல் நாள் வரவில்லை. அடுத்த நாள் தைரியக் காக்கா குடைக்கு மேலேயே வந்து உட்கார்ந்தது. காக்கை காளியை நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

காக்கா தின்றதைவிட இவர்கள் தின்றது அதிகம் என்பது பிறகு தெரிந்தது. பாதி காய்ந்த வத்தலுக்கு ஒரு ருசி உண்டு. வெளியே தோல் பிடித்து, உள்ளே மெத்தென்று, உப்பும் காரமுமாக. ஆயாவுக்கும் தெரியும். அதற்கென்றே ஓரத்தில் நாலு வரிசை கூடுதலாகப் பிழிந்தார். சாயந்திரம் துணியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து, வத்தலை உடையாமல் உரித்து எடுக்கிற வேலையில் மூவரும் ஆயாவோடு உட்காருவார்கள். இழுத்தால் உடையும். தண்ணீர் ஊறுகிற வரை பொறுத்து, துணியை விரலால் உள்ளிருந்து தள்ளினால் தானாக விடும். கேம்பில் கலர் பேப்பரைப் பத்து நிமிஷத்தில் தூக்கிப் போட்ட அதே பையன் இருட்டுகிற வரை உரித்துக்கொண்டிருந்தான். வண்ணத்துப்பூச்சி கிழிந்தால் யாருக்கும் ஒன்றும் இல்லை. வத்தல் போனால் ஆயாவுக்கு நஷ்டம். அது அவனுக்குத் தெரிந்திருந்தது. என் அனுபவத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டுக்கும் வேலைக்கும் வித்தியாசமே இல்லை. பொய் வேலைக்கும் நிஜ வேலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் நன்றாகத் தெரியும்.

காக்கா வேலை தினமும் கிடைக்காதே. வத்தல் போடாத நாளுக்கு நான் என் பழைய வெர்னியரை எடுத்துக் கொடுத்தேன். அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் டர்னர் படிக்கும்போது வாங்கியது, 150 மில்லிமீட்டர். மேல் ஸ்கேலில் மில்லிமீட்டர், கீழே நகர்கிற சின்ன ஸ்கேலில் 50 கோடு. கீழ்க் கோட்டில் எது மேல் கோட்டோடு ஒரே நேராக நிற்கிறதோ அதைப் படிக்க வேண்டும். ஒரு கோட்டுக்கு 0.02 மில்லிமீட்டர். கை ஆடினால் தப்பு, அழுத்திப் பிடித்தாலும் தப்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்க முடியும். மூச்சைப் பிடிக்கிற பிள்ளை கத்த முடியாது. எனக்கு வேண்டியது அதுதான்.

வீட்டில் இருந்த எல்லாம் அளக்கப்பட்டது. அப்பளம், பொரிப்பதற்கு முன்னும் பின்னும். ஆயாவின் வளையல். தோசை, நடுவில் ஒரு அளவு, ஓரத்தில் ஒரு அளவு, அம்மா சுட்டதற்கும் நான் சுட்டதற்கும் தனித்தனிக் கணக்கு. என் தோசையில் ஓரத்துக்கும் நடுவுக்கும் உள்ள வித்தியாசத்தை என் மனைவியிடம் தசமப் புள்ளியோடு வாசித்துக் காட்டினார்கள். தலைமுடியை அளந்தே தீருவேன் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். அதற்கு மைக்ரோமீட்டர் வேண்டும் என்று சொல்லி ஒத்திப் போட்டேன்.

நல்ல கண்டுபிடிப்பு ஒன்றும் நடந்தது. அந்தச் சமயத்தில்தான் ரூபாய்க் குறி போட்ட புது நாணயங்கள் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தன, 2011 வரிசை. கையில் வாங்கினால் எது ஒன்று, எது இரண்டு என்று பஸ் கண்டக்டருக்கே தடுமாற்றம். பையன்கள் உண்டியலைக் கவிழ்த்து அளந்தார்கள். பழைய ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர். புது இரண்டு ரூபாயும் 25. புது ஒரு ரூபாய் 22, புது ஐந்து ரூபாய் 23. "அஞ்சு ரூபா ரெண்டு ரூபாவைவிட சின்னதுப்பா!" என்று கத்தி என்னை எழுப்பிவிட்டார்கள். அந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை. நானும் எழுந்து உட்கார்ந்து அளந்து பார்த்தேன்.

அடுத்து பேரிங் நம்பர். அலமாரிக்கு மேலே ஒரு பிஸ்கட் டின்னில் தேய்ந்துபோன பேரிங்குகள் வைத்திருந்தேன். எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை, எஸ்டேட் ஆட்கள் வீட்டில் அப்படி ஒரு டின் இருக்கும். பேரிங் பக்கவாட்டில் 6204, 6205 என்று வெட்டியிருக்கும். கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கினால் உள் ஓட்டையின் விட்டம். 6205 என்றால் 25, 6204 என்றால் 20. ஆனால் இந்தக் கணக்கு 04-இலிருந்துதான். 03 என்றால் 15 இல்லை, 17. 02-தான் 15. 01 என்றால் 12, 00 என்றால் 10. "ஏன் அப்படி?" என்றான் மச்சான் மகன். அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்றேன். அவனுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. டின்னில் இருந்த அத்தனையையும் அளந்து சரிபார்த்துவிட்டுத்தான் விட்டான். மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் துடைத்து, அளவுவாரியாகத் தரையில் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தபோது எங்கள் ஸ்டோர் கீப்பர் வந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

கம்பெனிக்குப் பவர் ஹாலிடே விட்ட ஒரு நாளில் மூவரையும் ரயில் மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன். நியூ ஆவடி ரோட்டில், ஐ.சி.எஃப். பக்கத்தில், 2002-இல் திறந்தது. அம்பத்தூரில் ரயில் ஏறியதுமே பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம் என்று சத்தமாக ஒப்பித்துக்கொண்டு வந்தார்கள். பழைய எஞ்சின்கள் மேல் ஏறி இறங்கியது எல்லாம் எல்லாப் பிள்ளைகளும் செய்கிறதுதான். என் மகன் மட்டும் பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்துத் தண்டவாளத்துக்குக் குறுக்கே குந்தி உட்கார்ந்தான். பிராட் கேஜ் 1,676 மில்லிமீட்டர். மீட்டர் கேஜ் பெயரிலேயே இருக்கிறது. அவனுக்கு 1,676 சரியாக வரவில்லை. தண்டவாளத்தின் உள் விளிம்பிலிருந்து உள் விளிம்புக்கு அளக்க வேண்டும் என்று சொன்னதும் திரும்ப அளந்தான். வாட்ச்மேன் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "ரயில்வேல வேலைக்கு எடுத்துட்டாங்களா தம்பி?" என்றார்.

மே மாதம் முழுக்க நுங்கு. திருநின்றவூர்ப் பக்கத்திலிருந்து சைக்கிளில் குலையோடு கொண்டுவந்து எங்கள் தெரு முனையில் சீவுவார் ஒருவர். தின்று முடித்த கூட்டில் இரண்டை எடுத்து, நடுவில் குச்சி சொருகி, கவட்டைக் கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி. திருவண்ணாமலைக்காரனுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அம்பத்தூர்க்காரன் அதுவரை செய்ததில்லை. இரண்டு நாள் தெருவெல்லாம் அதுதான் ஓடியது. மூன்றாம் நாள் கூடு காய்ந்து சுருங்கிக் குச்சி லொடலொடத்தது. அப்போதுதான் யார் மண்டையில் முதலில் உதித்ததோ தெரியாது, பேரிங் டின்னைப் பற்றிய பேச்சு ஆரம்பித்திருக்கிறது.

எனக்குத் தெரியாமலே செய்தார்கள். பேக்கிங் கேஸ் பலகையை ஆயா வீட்டுப் பரணிலிருந்து எடுத்து, ஆணி அடிக்கிற வேலையை எல்லாம் மாடியில் வைத்துக்கொண்டு, கட்டையின் முனையைச் சீவிச் சீவி பேரிங் ஓட்டைக்குப் பொருத்தி, முன்கட்டைக்கு நடுவில் போல்ட் போட்டு, திருப்புவதற்குக் கொடிக்கயிறு கட்டி. என் அப்பா காலத்துப் பேரிங் வண்டிக்கு இம்மி குறையாத அமைப்பு. இதை நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. ஆயாவிடம் கேட்டால், "எங்க வீட்டுப் பெரியவன் ஓட்டாததா" என்றார்.

ஒரு சாயந்திரம் நாலரை மணிக்குக் கரகரவென்று சிமென்ட் ரோட்டை அறுக்கிற சத்தம். இரும்பு பேரிங் வெறும் சிமென்ட்டில் ஓடுகிற சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதை வைத்துக்கொண்டு யாரும் தூங்க முடியாது. நான் வெளியே வருவதற்குள் எதிர் வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் நின்றார். அவரும் நைட் ஷிப்ட்தான், வேறு கம்பெனி, ஃபிட்டர். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"யாருடா இது, மனுஷன் தூங்க வேணாமா?" என்று ஆரம்பித்தவர், வண்டியைப் பார்த்ததும் நிறுத்தினார். குனிந்து ஒரு பக்கம் தூக்கிப் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டார். மறுபக்கமும் சுற்றினார்.

"வண்டி லெஃப்ட்ல இழுக்குதா?"

"ஆமா அங்கிள். நேரா விட்டாலும் இழுக்குது."

"இழுக்காம என்ன பண்ணும்? லெஃப்ட்ல 6202 போட்டிருக்க, ரைட்ல 6203. வெளி விட்டம் பாத்தியா?"

"35, 40" என்றான் என் மகன் உடனே. "தெரியும் அங்கிள். பின்னாடிக்கு ஜோடி இல்ல. மத்ததெல்லாம் ஒட்டிக்கிச்சு, சுத்தல."

அவர் என்னைப் பார்த்தார். நான் கொட்டாவி விட்டேன். "என்னாண்ட 6203 ஒண்ணு கிடக்கு" என்று உள்ளே போனவர், போகிற போக்கில் திரும்பி, "கிரீஸ் இருக்கா வீட்ல?" என்றார்.

"அப்பா வச்சிருக்காரு" என்று கத்தினாள் மகள். பிறகு அண்ணன்களைப் பார்த்து, "மாத்தினதும் நான்தான் ஃபர்ஸ்ட். காக்கா நோட்டு நான்தான் எழுதினேன்" என்றாள்.